பெட்ரோல் வரி கசந்தால் மின்சார கார் வாங்கு என்பது நியாயமா?

தாம்பரம் வாசகன்:
பெட்ரோல் விலையைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டால், "அப்படியானால் மின்சார கார் வாங்க வேண்டியதுதானே" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சென்ற வாரம் ஒரு வளைகாப்பு வீட்டில் எனக்கே இந்தப் பதில் கிடைத்ததால், அதை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. கச்சா எண்ணெய் பீப்பாய் 65 டாலர், டாலர் 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு பீப்பாய்க்கு 159 லிட்டர் என்ற கணக்கில் லிட்டருக்கு 36 ரூபாய்தான் ஆகிறது. சுத்திகரிப்பு, போக்குவரத்து, பங்க் உரிமையாளரின் கமிஷன் எல்லாம் கழித்த பின்னும் ஒரு பெரிய தொகை வரியாகவே போகிறது. அந்த வரியைச் சுமப்பவனிடம் 12 லட்சம் ரூபாய்க்கு வேறு கார் வாங்கச் சொல்வது, தண்ணீர் லாரிக்குப் பணமில்லை என்றவனைச் சொந்தமாகக் கிணறு வெட்டச் சொல்வதைப் போன்றது.

மலைக்கோட்டைக்காரன்:
கிணறு வெட்டியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். திருச்சியிலிருந்து துவாக்குடிக்குத் தினமும் போய்வர ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஆகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது. இன்றைய விலையில் அதற்கு மாதம் 6,300 ரூபாய் ஆகும். இரண்டு ஆண்டுகளாக ஓட்டும் மின்சார கார் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடுவதால், 143 யூனிட் போதுமானதாக இருக்கிறது. வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், 100 யூனிட் இலவசத்தையெல்லாம் மறந்துவிட்டு யூனிட் 10 ரூபாய் என்றே கணக்கிட்டாலும் 1,430 ரூபாய்தான். என்ஜின் ஆயில் மாற்றும் வேலையும் இல்லை. நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அந்தச் செலவு குறைய வேண்டுமானால் பெட்ரோல் மலிவாக இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. வரி உறுத்தினால்தான் மக்கள் மாறுவார்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர்:
வணிகவரித் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. மக்களை மாற்றுவதற்காக இந்த வரி போடப்பட்டது என்று எண்ணுவது அரசுகளுக்கு நாம் தரும் அதிகப்படியான மரியாதை. 2014இல் 9 ரூபாய் 48 காசாக இருந்த, மத்திய அரசு விதிக்கும் பெட்ரோல் கலால் வரி, உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்த காலத்தில் ஒன்பது தவணைகளில் ஏற்றப்பட்டு, 2016 தொடக்கத்தில் 21 ரூபாய் 48 காசை எட்டியது. 2020 மே மாதத்தில் ஊரடங்கால் எண்ணெய்க்குக் கேட்பாரற்றுப் போனபோது அது 32 ரூபாய் 98 காசாயிற்று. பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் மீண்டும் 2 ரூபாய் ஏற்றியதில் 21 ரூபாய் 90 காசில் வந்து நின்றது. விலை இறங்கும்போது நுகர்வோருக்குப் போக வேண்டியதை நடுவில் எடுத்துக்கொள்வதே இதன் இயல்பு. அந்த 21 ரூபாய் 90 காசில் மாநிலங்களோடு பகிரப்படும் அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு. மற்றவை செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வசூலிக்கும் வரி), கூடுதல் தீர்வை என்ற பெயர்களில் டெல்லியிலேயே தங்கிவிடுகின்றன.

இதைச் சொன்னதும் மாநிலத்தை நான் தப்பவிடுகிறேன் என்று யாராவது சொல்வார்கள். இல்லை. தமிழ்நாடு 2020இல் 34 விழுக்காடு என்றிருந்த மதிப்புக் கூட்டு வரியை, 15 விழுக்காடும் அதன் மேல் லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசும் என்று மாற்றியது. எண்ணெய் விலை விழுந்தாலும் வருவாய் விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது அது 13 விழுக்காடும் 11 ரூபாய் 52 காசும் ஆனது. அந்த விழுக்காடு கலால் வரியையும் சேர்த்த தொகையின் மேல் விழுகிறது. அதாவது வரிக்கு வரி. 2017இல் பொருள் சேவை வரி வந்தபோது பெட்ரோலை அதற்கு வெளியே வைத்ததில் இரு அரசுகளுக்கும் ஒத்த கருத்து இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

தாம்பரம் வாசகன்:
நன்றி ஐயா. மலைக்கோட்டை நண்பருக்கு என் கணக்கையும் சொல்கிறேன். நான் அலுவலகத்துக்கு மின்சார ரயிலில் போகிறவன். கார் மாதம் 600 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. பெட்ரோலுக்கு 3,800 ரூபாய் ஆகிறது. உங்களைப் போல் வீட்டில் சார்ஜ் ஏற்ற முடிந்தால் மாதம் 2,900 ரூபாய் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் ஒத்த அளவுள்ள இரு கார்களுக்கிடையே நான் விசாரித்த விலை வேறுபாடு 3.5 லட்சம், அது திரும்பி வர 10 ஆண்டுகள் ஆகும். பேட்டரிக்குத் தரும் உத்தரவாதமோ பெரும்பாலும் 8 ஆண்டுகள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான பொருள் சேவை வரி 18 விழுக்காடாகக் குறைந்ததும் இந்த இடைவெளி இன்னும் அகன்றது. ஒரு கையால் பெட்ரோலுக்கு வரி போட்டு, மறு கையால் பெட்ரோல் காரை மலிவாக்குவது என்ன கொள்கையோ தெரியவில்லை.

இதைவிடப் பெரிய சங்கடம், நான் வாடகைக் குடியிருப்பில் இருக்கிறேன் என்பது. பொதுச் சார்ஜிங் நிலையத்தில் யூனிட் 20 ரூபாயும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். அந்தச் சேவைக்கு 18 விழுக்காடு வரி உண்டு, வீட்டு மின்சாரத்துக்கு அந்த வரி இல்லை. சொந்த வீட்டில் வாசலோடு இருப்பவர் பெட்ரோல் வரி, சார்ஜிங் வரி இரண்டிலிருந்தும் தப்புகிறார், வாடகைக்கு இருப்பவன் எந்தக் காரை ஓட்டினாலும் இரண்டில் ஒன்றைக் கட்டுகிறான். பொங்கலுக்கு நண்பரின் மின்சார காரில் நாகர்கோவில் போனோம். உளுந்தூர்பேட்டையைத் தாண்டி ஒரு சாலையோர உணவகத்தில் இருந்த இரண்டு சார்ஜர்களில் ஒன்று பழுது. மற்றொன்றுக்கு எங்களுக்கு முன்னால் மூன்று கார்கள். மூன்று மணி நேரத்தில் நாங்கள் குடித்த காபிக்கே பாதி டேங்க் பெட்ரோல் போட்டிருக்கலாம்.

செங்கல்பட்டு ஆசிரியை:
இருவரும் காரைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் வருவது ஸ்கூட்டரில். நான் மின்சார ஸ்கூட்டரை இரவில் சமையலறைப் பக்கத்துப் பிளக்கில் செருகிவிடுகிறேன். வரி, கொள்கை எதுவும் என்னைத் தொடவில்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகும் வண்டிகள்தாம் இவை.

மலைக்கோட்டைக்காரன்:
நெடுஞ்சாலை பற்றிச் சொன்னது சரிதான். பண்டிகைக் காலத்தில் நானே என் காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில்தான் போகிறேன். நிலக்கரி மின்சாரம்தானே என்று அடுத்து யாராவது கேட்பதற்கு முன் ஒன்று: நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ அளவு கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டாலும் என் கார் கிலோமீட்டருக்கு 100 கிராம்தான். பழைய கார் ஏறத்தாழ 145 கிராம். ஆனால் வாடகைக் குடியிருப்பு பற்றிய உங்கள் வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, கார் சார்ஜ் செய்வதற்கென்று தனி மின் இணைப்புக் கேட்கலாம். குடியிருப்போர் சங்கத்தில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

தாம்பரம் வாசகன்:
கேட்டுவிட்டேன். சங்கம் மறுக்கவில்லை. மீட்டர் அறையிலிருந்து என் வண்டி நிற்கும் இடத்துக்கு 40 மீட்டர். கம்பி, குழாய், எர்த்து, கூலி எல்லாம் என் செலவு, வீட்டைக் காலி செய்யும்போது எதையும் கழற்றிக்கொண்டு போகக் கூடாது என்கிறார்கள். என் வாடகை ஒப்பந்தம் 11 மாதம்.