மாக்னா கார்ட்டா யாருக்காக எழுதப்பட்டது?

கதிரவன்:
மாக்னா கார்ட்டா என்ற இங்கிலாந்தின் 'பெருஞ்சாசன'த்தை மக்களாட்சியின் விதை என்று தூக்கிப் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1214-ல் பிரான்ஸுக்கு எதிரான பூவின் போரில் தன் கூட்டாளிகள் தோற்றதால், இங்கிலாந்து மன்னர் ஜான் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். வரிச்சுமையில் கொதித்துப்போயிருந்த பிரபுக்கள் மறு ஆண்டு ஜூனில் ரன்னிமீட் புல்வெளியில் அவரை நெருக்கி எழுதி வாங்கிய ஒப்பந்தம் இது. 39-ஆவது பிரிவு காப்பது 'சுதந்திர மனிதனை' மட்டும்தான். பண்ணையடிமை அதில் வரவே மாட்டான். பத்தே வாரத்தில் போப் மூன்றாம் இன்னசென்ட் இதைச் செல்லாதென்று அறிவித்தும்விட்டார்.

மல்லிகா:
செல்லாமல் போனது பிறகு ஏன் பிழைத்தது கதிரவன்? அதைத்தான் பார்க்க வேண்டும். 1216-ல் ஜான் இறந்தபோது மகன் ஹென்றிக்கு ஒன்பது வயது. கடைசிவரை ஜான் பக்கம் நின்று, இப்போது சிறுவனுக்காக ஆட்சியைக் கவனித்த வில்லியம் மார்ஷல்தான், எதிர்த்த பிரபுக்களை வசப்படுத்த, சாசனத்தை மன்னர் பெயரில் மறுபடி வெளியிட்டார். 25 பிரபுக்கள் மன்னரின் கோட்டைகளையே கைப்பற்றலாம் என்ற 61-ஆவது பிரிவை அப்போது எடுத்துவிட்டார்கள். முக்கியமான ஆண்டு 1225. ஹென்றிக்குப் போர்ச்செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கு வரி கிடைத்தது. பதிலுக்குச் சாசனத்தை உறுதி செய்தார். சம்மதம் இல்லாமல் வரி இல்லை, உறுதிமொழி இல்லாமல் சம்மதம் இல்லை என்ற வழக்கம் இப்படித்தான் வேர்விட்டது.

செந்தில்:
இங்கிலாந்து மட்டுமில்லை. 1222-ல் ஹங்கேரியில் இரண்டாம் ஆண்ட்ராஷ் தந்த பொற்சாசனமும் மன்னரை எதிர்க்கும் உரிமையைப் பிரபுக்களுக்குக் கொடுத்தது.

கதிரவன்:
அங்கும் பிரபுக்களுக்குத்தானே! மாக்னா கார்ட்டாவின் 20-ஆவது பிரிவைப் பாருங்கள். பண்ணையடிமைக்கு அபராதம் போட்டாலும் அவன் பிழைப்புக்கான உழவுச் சாதனங்களைத் தொடக்கூடாதாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1217 பதிப்பில் 'நம்முடையவன் அல்லாத பண்ணையடிமை' என்று திருத்திவிட்டார்கள். மன்னரின் சொந்தப் பண்ணையாளுக்கு அந்தப் பாதுகாப்பும் போயிற்று. பிரபுவின் ஆளை மன்னர் நொடிக்கக்கூடாது என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

மல்லிகா:
அந்தத் திருத்தம் மோசமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் 1354 சட்டத்தையும் படியுங்கள். 'சுதந்திர மனிதன்' போய், 'எந்த நிலையைச் சேர்ந்தவராயினும்' முறையான விசாரணையின்றி நிலத்தையோ உயிரையோ பறிக்கக்கூடாது என்று வந்துவிட்டது. பிரபுக்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட வாசகத்தை அவர்களாலேயே தங்களோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

கதிரவன்:
ஏட்டில் வந்தது. 1381-ல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்து லண்டனை ஒட்டிய மைல் எண்டில் மன்னர் இரண்டாம் ரிச்சர்டை நேரில் பார்த்து, பண்ணையடிமை முறையை ஒழிக்கக் கேட்டார்கள். விடுதலைப் பத்திரங்கள் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்துக்குள் அத்தனையையும் ரத்து செய்தார். 1354 சட்டம் அன்று எந்தக் குடியானவனுக்குக் கைகொடுத்தது, சொல்லுங்கள்.