லீற்றருக்குக் கூடத் தூரம் ஓடினால் புகை குறையுமா? பிள்ளைக்கு முட்டு, வீடு ரோட்டோரம்

விசுவமடு_அம்மா

வணக்கம் எல்லாருக்கும். எங்கள் வீடு விசுவமட்டில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரம். படலையில் இருந்து தார் ரோட்டுக்கு இருபது அடிகூட வராது. மகளுக்கு ஏழு வயது, இரண்டு வருடமாக முட்டு (தொய்வு, ஆஸ்துமா) இருக்கிறது. சோளகம் தொடங்கினால் கிரவல் புழுதி. விடிய நாலு மணிக்கே டிப்பர்கள் தொடங்கிவிடும், மணல் ஏற்றிக்கொண்டு கியர் மாற்றி இழுக்கும்போது விடுகிற கரும்புகை நேராக விறாந்தைக்குள்தான் வரும், பிள்ளை எழும்பி இருந்து இருமும்.

போன கிழமை கனடாவில் இருக்கிற அண்ணாவோடு கதைத்தேன். அமெரிக்காவில் வாகனங்கள் லீற்றருக்கு இவ்வளவு தூரம் ஓடத்தான் வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறதாம், அதைத் தளர்த்துகிறார்களாம், அதனால் சனத்துக்கு நெஞ்சு வருத்தம் கூடும் என்று அங்கே பெரிய வாதம் நடக்கிறதாம். எனக்கு அது விளங்கவே இல்லை. கூட ஓடினால் காசு மிச்சம், சரி. அதற்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு?

இன்னும் ஒன்று. எங்களிடம் ஒரு பழைய டீசல் வான் இருக்கிறது. பிள்ளையின் அப்பா அதை விற்றுவிட்டு சின்ன ஹைபிரிட் கார் எடுப்போமா என்று கேட்கிறார். அதனால் ஏதும் பிரயோசனம் உண்டா? அந்த டிப்பர்களுக்கும் வருடா வருடம் புகைச் சான்றிதழ் எடுக்க வேண்டும்தானே, பிறகு எப்படி இப்படிப் புகைக்கின்றன?

கராஜ்_புதுக்குடியிருப்பு

தங்கச்சி, இருபது வருடத்துக்கு மேல் டீசல் எஞ்சின் கழற்றிப் பூட்டுகிற ஆள் நான், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கரும்புகை என்பது எரியாமல் போன டீசல். எயார் பில்டர் அடைத்திருக்கும், டீசல் தெளிக்கிற நோசில் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் கூட லோட் ஏற்றி இழுக்க வேண்டும் என்று டீசல் பம்மைக் கூட்டி வைத்திருப்பார்கள். தேவைக்கு மேல் டீசல் போகும், அதை எரிக்கக் காற்றுக் காணாது, மிச்சம் கரியாக வெளியே வரும். அப்படியான வாகனத்தைச் சரிபண்ணினால் புகையும் குறையும், லீற்றருக்குக் கூடவும் ஓடும். இந்த இடத்தில் உங்கள் அண்ணா சொன்னது முழுக்கச் சரி.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படியில்லை. புது டீசல் வாகனங்களில் ஈ.ஜி.ஆர். என்று ஒன்று இருக்கிறது, எரிந்த புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும். அதனால் எரிகிற சூடு தணியும், நைதரசன் ஒட்சைட்டு குறையும். அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுவாசக் குழாயை அரிக்கும். கொஞ்சம் இழுவை கூடும், டீசல் மிச்சம் பிடிக்கும் என்று சொல்லி அதற்குத் தகடு வைத்து அடைக்கச் சொல்லிக் கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். நான் செய்வதில்லை. அடைத்தால் காசு மிச்சமோ இல்லையோ, நச்சு கூடுகிறது என்பது நிச்சயம்.

சான்றிதழ் விஷயம்: 2008இல் இருந்து நாட்டில் புகைப் பரிசோதனை நடக்கிறது, அது இல்லாமல் வருட வரிப்பத்திரம் எடுக்க ஏலாது. டீசலுக்குப் புகை எவ்வளவு கறுப்பு என்று மட்டும்தான் பார்ப்பார்கள். பெற்றோலுக்குக் காபன் மொனொக்சைட்டும் எரியாத ஐதரோகாபனும். நைதரசன் ஒட்சைட்டும் பார்ப்பதில்லை, லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது என்றும் பார்ப்பதில்லை. அதோடு வருடத்தில் ஒரு நாள், வெறும் வண்டி, நின்ற இடத்தில் அக்சிலேற்றரை மிதித்துப் பார்க்கிற சோதனை அது. முதல் நாள் பில்டர் மாற்றி, பம்மைக் குறைத்துக்கொண்டு போய்ப் பாஸ் பண்ணிவிட்டு, அடுத்த நாள் திரும்பக் கூட்டுவார்கள். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் விறாந்தைக்குள் புகை வருகிறது.

இலண்டனில்_இருந்து_வன்னி

அக்கா, நான் மாங்குளத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது இங்கே பஸ் ஓடுகிறேன். மைலேஜ் சட்டமும் புகைச் சட்டமும் இரண்டு வேறு சட்டங்கள், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் இந்த நாட்டில் ஒரு பெரிய பிழை நடந்தது.

முதலில் அமெரிக்கா. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினதும் அங்கே செட்டுகளில் எங்கள் 2022 மாதிரி வரிசை. அதனால்தான் 1975இல் மைலேஜ் சட்டம் போட்டார்கள். இறக்குமதி எண்ணெயைக் குறைப்பதுதான் நோக்கம், காற்று அல்ல. காற்றுக்கு 1970இலேயே வேறு சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் ஒரு மைல் ஓடினால் இத்தனை கிராமுக்கு மேல் நச்சு விடக் கூடாது என்று அளக்கிறது. அப்படியென்றால் எண்ணெய் குடிக்கிற பெரிய காருக்கும் சிக்கனமான சின்னக் காருக்கும் மைலுக்கு ஒரே எல்லைதான். மைலேஜ் கூடினதால் அந்தக் குழாயில் வருகிற நச்சு தானாகப் பாதியாகாது.

பிறகு ஏன் சுகாதாரம் என்று கதைக்கிறார்கள்? எண்ணெய் குறைய எரிந்தால் குறையச் சுத்திகரித்தால் போதும். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற சனம் சுவாசிக்கிற காற்று, பவுசர் ஓடுகிற புகை, செட்டில் பெற்றோல் அடிக்கும்போது எழும்புகிற ஆவி (அதில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் தரும்), இதெல்லாம் சேர்ந்து குறையும். எங்களுக்குச் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்தை யோசித்துப் பாருங்கள். காபனீரொட்சைட்டு மட்டும் நேரடிக் கணக்கு: ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ, டீசல் என்றால் 2.7 கிலோ, எந்த வடிகட்டி பூட்டினாலும் அது குறையாது, எண்ணெயைக் குறைத்தால்தான் உண்டு. இவ்வளவு இருந்தும், 2025 ஜூலையில் அமெரிக்காவில் அந்த மைலேஜ் சட்டத்தை மீறுகிற கம்பனிகளுக்கான தண்டத்தைப் பூச்சியமாக்கிவிட்டார்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, பயம் போய்விட்டது. உங்கள் அண்ணா சொன்னது இதையும் சேர்த்துத்தான் இருக்கும்.

இனி இங்கே நடந்தது. 2001இல் இருந்து வாகன வரியைக் காபனீரொட்சைட்டை வைத்துப் போட்டார்கள். டீசல் லீற்றருக்குக் கூட ஓடும், அதனால் வரி குறைவு, சனம் எல்லாம் டீசலுக்கு மாறியது. பத்துப் பதினைந்து வருடத்தில் இலண்டன் தெருக்களில் நைதரசனீரொட்சைட்டு இறங்கவே இல்லை. 2015 செப்டெம்பரில் வொக்ஸ்வாகன் கம்பனி சோதனை நேரத்தில் மட்டும் சுத்தமாக ஓடுகிற மென்பொருளைப் பூட்டினது பிடிபட்டது, உலகம் முழுக்க 1 கோடி 10 லட்சம் வாகனம். கராஜ் அண்ணை சொன்ன பம்மைக் குறைக்கிற வேலைதான், கணினியில் செய்திருக்கிறார்கள்.

அக்கா, பயப்படுத்த இதை எழுதவில்லை. இங்கே பெருந்தெருவுக்குக் கிட்ட இருந்த 9 வயதுப் பிள்ளை ஒன்று 2013இல் தொய்வால் இறந்தது. தாய் விடாமல் நின்று, 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி காற்று மாசும் காரணம் என்று பதிவு செய்தார். பழைய டீசலுக்கு நாளுக்கு இவ்வளவு என்று காசு அறவிடுகிற வலயம் 2019இல் நகர நடுவில் தொடங்கி, 2023 ஓகஸ்டில் இலண்டன் முழுக்க வந்தது. என் பஸ் டிப்போவில் நானே வித்தியாசத்தை மூக்கால் உணர்கிறேன்.

வவுனியா_தாதி

தங்கச்சி, பிள்ளையைப் பற்றி முதலில் கதைப்போம். முட்டு வரும்போது வாயில் பிடிக்கிற நீலப் பம் (இன்ஹேலர்) மட்டும் பாவிக்கிறீர்களா, தினமும் பிடிக்கிற தடுப்புப் பம்மும் தந்திருக்கிறார்களா? அடிக்கடி இரவில் எழும்பி இருமினால் நீலப் பம்மை நம்பி இருக்க வேண்டாம், கிளினிக்கில் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

டீசல் புகையில் நெஞ்சுக்கு ஆகாதது நுண்துகள். 2.5 மைக்ரோனுக்குக் குறைந்தது, தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். மூக்கில் நிற்காது, துணிமாஸ்க்கில் நிற்காது, நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்திலும் கலக்கும். தொய்வு மட்டுமல்ல, மாரடைப்பு, பாரிசவாதம் என்பவற்றுக்கும் அது காரணம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. இந்த நுண்துகள் ஒரு கனமீற்றர் காற்றில் வருடச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, நம் நாட்டு எல்லை 25.

ஆனால் எல்லாப் பழியையும் டிப்பர் மேல் போட ஏலாது. வன்னியில் வாகனம் கொழும்பு மாதிரி இல்லை, காணி திறந்த காணி. பெரும்பாலான வீடுகளில் விறகடுப்பு, அந்தப் புகையிலும் இதே துகள்தான், பிள்ளை அடுப்படியில் தாயோடு நிற்கும். மாரியில் வாடைக்காற்று வேறு இடத்துப் புகையையும் கொண்டுவரும். 2022 டிசம்பரில் காற்று கெட்டு நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் மூடினது நினைவிருக்கும், அதே நாட்களில்தான் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மாடுகள் குளிரில் செத்தன. அது எங்கள் வாகனத்தால் வந்த புகையில்லை.

ஒரு நல்ல விஷயம், ரோட்டுப் புகை தூரம் போகப் போக வேகமாகக் குறையும், இருநூறு முந்நூறு மீற்றரில் பெரும்பகுதி கலைந்துவிடும். படுக்கையைப் பின் அறைக்கு மாற்றுங்கள், விடியப்புறம் ரோட்டுப் பக்க யன்னலைச் சாத்துங்கள். சின்ன வேலைதான், ஆனால் இன்றிரவே செய்யலாம்.

முறிகண்டி_வாசல்

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. பொருளாதாரத் தடை நேரம் வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓடினவர்களுக்குத் தெரியும், கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். பின்னால் இருக்கிறவருக்குக் கண் எரியும், வீடு வந்து குளித்தாலும் மணம் போகாது. அந்த நேரம் ஒரு துளியையும் வீணாக்கவில்லை, லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் நாங்கள் குடித்தது நஞ்சு. வேறு வழி இருக்கவில்லை.

2002இல் ஏ-9 பாதை திறந்த அதே வருடம்தான் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோலையும் நிறுத்தினார்கள். யாரும் கொண்டாடவில்லை, சத்தமில்லாமல் நடந்தது, ஆனால் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் அந்த ஈயத்தைச் சுவாசிக்காமல் வளர்ந்தார்கள். பிறகு டூ ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதியையும் நிறுத்தினார்கள், அந்த நீலப்புகை இப்போது எங்கே? சட்டம் வந்தால் மாறும் பிள்ளை. டிப்பருக்கும் ரோட்டில் வைத்தே, லோட்டோடு மறித்துச் சோதிக்கிற நிலை வர வேண்டும். அதைக் கேட்க வேண்டியது நாங்கள்தான்.

விசுவமடு_அம்மா

எல்லாருக்கும் நன்றி. பிள்ளையின் கட்டிலை நேற்றே பின்னுக்கு மாற்றிவிட்டேன். தடுப்புப் பம் தந்திருக்கிறார்கள் அக்கா, ஆனால் நன்றாக இருக்கிற நாட்களில் நான் நிறுத்திவிடுவேன், அது பிழை என்று இப்போதுதான் தெரிகிறது. அடுப்பையும் வெளிப்பத்திக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பள்ளிக்கூடமும் ரோட்டுக்கரைதான். வகுப்பில் இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்கு முட்டு, தாய்மாரோடு கதைத்தேன். பள்ளி தொடங்குகிற, விடுகிற நேரம் டிப்பர் ஓட விடவேண்டாம், வழியில் மறித்துப் புகை பார்க்க வேண்டும் என்று பிரதேச சபைக்கும் பொலிசுக்கும் எழுதப் போகிறோம்.

ஹைபிரிட் பற்றி யாரும் சொல்லவில்லையே?

கராஜ்_புதுக்குடியிருப்பு

பெற்றோல் ஹைபிரிட் என்றால் இரண்டு பக்கமும் நல்லது, எண்ணெயும் குறைவு, கரித்துகளும் டீசலைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் பழையது வாங்கினால் பற்றரியைச் சோதித்துவிட்டு, அடியில் புகையைச் சுத்தமாக்குகிற கற்றலிற்றிக் கொன்வேட்டர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதற்குள் பிளாற்றினம் இருப்பதால் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாயை ஒட்டி வைத்திருப்பார்கள். அப்படியான கார் லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் ஓடினாலும் புகை சுத்தமில்லை.

இன்னொன்று, உங்கள் வானை விற்றால் அது வேறொருவரின் வாசலில் நின்று புகைக்கும். விற்கிறதுக்கு முன் ஒருக்கால் கொண்டு வாங்கோ, நோசில் நாலையும் கழற்றிப் பார்ப்போம். சனிக்கிழமை காலமை நான் நிற்பேன். வருகிற வழியில் ராங்கி நிறைய டீசல் அடித்துவிடாதேங்கோ, அடியில் என்ன ஊத்தை கிடக்கிறது என்று பார்க்க வேணும்.