மரக்கிளையில் தொட்டில்: 'ஹஷ் அ பை பேபி' தாலாட்டு எங்கிருந்து வந்தது?

கேள்வி (ஏட்டுச்சுவடி):
மர உச்சியில் தொட்டில், காற்றடித்தால் அது ஆடும், கிளை முறிந்தால் பிள்ளையும் தொட்டிலும் சேர்ந்தே விழும் என்று முடிகிற பாட்டைப் பாடி ஒரு தாய் எப்படிக் குழந்தையை உறங்கவைக்கிறாள் என்பது எனக்கு நெடுநாள் வியப்பு. இது இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸைக் குறிக்கும் மறைபொருள் பாட்டு என்று ஓரிடத்தில் படித்தேன்; 1620 இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா சென்ற ஒருவர், அங்குள்ள பழங்குடித் தாய்மார்கள் கிளைகளில் தொட்டில் தொங்கவிட்டதைக் கண்டு எழுதியது என்று இன்னோரிடத்தில் படித்தேன். எதை நம்புவது?

மறுமொழி 1 (பழம்பதிப்பு):
முதலில் அச்சுச் சான்றைப் பார்ப்போம். 'மதர் கூஸ்ஸ் மெலடி' என்ற சிறுவர் பாடல் தொகுப்பில்தான் இது முதலில் இடம்பெற்றதாகக் கருதப்படுகிறது. அந்நூல் லண்டனில் 1765 வாக்கில் வந்தது. முதற்பதிப்பின் பிரதி ஒன்றுகூட எஞ்சவில்லை என்பதால், நாம் வாசிக்கக் கிடைப்பது 1791 ஆம் ஆண்டுப் பதிப்பு போன்ற பிந்தைய பதிப்புகளின் பாடமே. 1791 பதிப்பில் தொடக்கம் 'ஹஷ் அ பை'தான். இன்று பரவலாகப் பாடப்படும் 'ராக் அ பை' என்ற சொல், 1805 இல் வெளியான 'சாங்ஸ் ஃபார் தி நர்சரி' தொகுப்பில், தந்தை பிரபு, தாய் அரசி என்று சொல்லும் வேறொரு பாட்டின் தொடக்கமாக வருகிறது.

1791 பதிப்பில் பாட்டின் கீழே ஒரு குறிப்பு உண்டு: செருக்கும் பேராசையும் கொண்டு மிக உயரம் ஏறுபவர்கள் கடைசியில் விழுவார்கள் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கையாம். அந்நூல் பாட்டுதோறும் இப்படிப் பண்டிதத் தோரணையில் கேலியாக ஏதாவது சொல்லும். ஆகவே இந்த அறிவுரையையும் புன்னகையோடுதான் படிக்க வேண்டும்.

மறுமொழி 2 (வரலாற்று மாணவன்):
ஜேம்ஸ் கதைக்குப் பின்னணி இருக்கிறது. கத்தோலிக்கரான அவருக்கு 1688 ஜூனில் ஆண் வாரிசு பிறந்தபோது, அது அரசியின் பிள்ளையே அல்ல, படுக்கையைச் சூடாக்கும் கலத்தில் ஒளித்து அரண்மனைக்குள் கொண்டுவரப்பட்ட பிள்ளை என்று எதிரிகள் வதந்தி பரப்பினார்கள். அந்த நவம்பரில், ஜேம்ஸை எதிர்த்து வந்து அவர் அரியணையைப் பிடித்த புராட்டஸ்டன்டான ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் கப்பல்களை இங்கிலாந்துக் கரை சேர்த்த கிழக்குக் காற்றுக்குப் 'புராட்டஸ்டன்ட் காற்று' என்றே பெயர் வந்தது. காற்று வில்லியம், முறியும் கிளை ஜேம்ஸின் ஸ்டூவர்ட் வம்சம், விழும் பிள்ளை அந்த இளவரசன் என்று பொருத்திவிட்டால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிகழ்வுக்கும் அச்சில் பாட்டு வந்த காலத்துக்கும் இடையே ஏறத்தாழ 77 ஆண்டுகள். அந்த இடைவெளியில் இப்பாட்டை அரசியலோடு இணைக்கும் சான்று எதையும் நான் கண்டதில்லை. மேஃபிளவர் கதைக்கோ இடைவெளி இன்னும் பெரிது.

மறுமொழி 3 (காட்டுவழி):
இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஆம்பர்கேட் அருகே உள்ள ஷைனிங் கிளிஃப் காட்டுக்கும் ஒரு கதை உண்டு. பெட்டி கென்னி என்று அழைக்கப்பட்ட பெண்ணும் கரி சுடும் தொழில் செய்த அவள் கணவனும் 'யூ' என்னும் ஊசியிலை வகை மரத்தில், மிகப் பழையதான ஒன்றில், குடியிருந்தார்கள், அதன் குடைந்த கிளையே அவர்கள் பிள்ளைகளுக்குத் தொட்டில் என்று அவ்வூரார் சொல்வார்கள். கேட்க இனிமையான ஊர்க்கதை. பாட்டின் பிறப்புக்குச் சான்றாகாது.

கேள்வியின் முதற்பகுதியை யாரும் தொடவில்லை. தாலாட்டில் அச்சம் கலப்பது ஆங்கிலத்தில் பழைய வழக்கம். கவென்ட்ரி நகரத் தையற்காரர் முதலியோரின் சமய நாடகத்தில், பைபிளில் வரும் அரசன் ஏரோதின் ஆட்கள் கொல்லவிருக்கும் குழந்தைகளுக்குப் பெத்லகேம் தாய்மார்கள் பாடுவது ஒரு தாலாட்டே. அந்த நாடகத்தை ராபர்ட் குரோ 1534 இல் படியெடுத்தார். அதில் திரும்பத் திரும்ப வரும் 'பை பை' என்ற உறக்கச் சொல்தான் 'ஹஷ் அ பை'யிலும் ஒலிக்கிறது.

ஏட்டுச்சுவடி:
நன்றி. அப்படியானால் 1791 பதிப்பின் கேலிக் குறிப்பே இப்பாட்டுக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விளக்கங்களுள் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறேன். அரசனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.