ஜெல் நெயில் பாலிஷ் ஒரு வாரத்துலயே கிளம்புது, என்ன பண்ணலாம்?

திருச்சிப்பொண்ணு:
ஹாய் ஃப்ரெண்ட்ஸ், எனக்கு ஜெல் பாலிஷ் ரொம்ப பிடிக்கும், ஆனா போட்டு ஒரு வாரம் கூட ஆகல, ஓரத்துல கிளம்ப ஆரம்பிச்சிடுது, அதுலயும் கட்டைவிரல்தான் முதல்ல. பார்லர்ல 3 வாரம் நிக்கும்னு சொல்லித்தான் போட்டாங்க. வீட்ல சமையல், பாத்திரம் எல்லாம் நான்தான், வாரா வாரம் எண்ணெய் குளியலும் உண்டு. அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம். வேற பிராண்ட் மாத்தணுமா?

நெயில் அக்கா:
பிராண்ட் அப்புறம் பாத்துக்கலாம் மா, முதல்ல நகத்தை எப்படி ரெடி பண்றாங்கனு கவனிங்க. நான் இந்த வேலைலதான் இருக்கேன், கிளம்பி வர்ற நகத்துல முக்காவாசி அங்கதான் கோட்டை விட்டிருப்பாங்க. நகம் முளைக்கற பக்கத்துல கண்ணுக்கே சரியா தெரியாத மெல்லிசு தோல் ஒண்ணு நகத்து மேலயே ஒட்டி இருக்கும், அதை எடுக்காம பேஸ் கோட், அதாவது முதல் பூச்சு, போட்டா ஜெல் நகத்துல ஒட்டாம அந்த தோல்ல ஒட்டும், அது உரியும்போது ஜெல்லும் கூடவே வந்துடும். லேசா பஃப் பண்ணி ஆல்கஹால் தொட்டு துடைச்சதுக்கு அப்புறம் நகத்தை கையால தொடவே கூடாது. எண்ணெய் குளியல் அன்னைக்கு போகாதீங்க. கையை தண்ணில ஊற வச்சு மெனிக்யூர் பண்ணி உடனே ஜெல் போடுறதும் வேணாம், நகம் தண்ணி இழுத்து லேசா விரியும், காஞ்சா சுருங்கும், அந்த அசைவுலதான் ஜெல் விட்டுப்போகும்.

கட்டைவிரல் மட்டும் முதல்ல கிளம்புதுன்னா ஜெல்லை கெட்டியாக்கற லேம்ப்ல கையை வைக்கற விதம்தான் காரணமா இருக்கும். அஞ்சு விரலையும் ஒண்ணா உள்ள வச்சா கட்டைவிரல் சாஞ்சு நிக்கும், வெளிச்சம் நேரா படாது, சரியா கெட்டியாகாது. கட்டைவிரலை தனியா வைக்கச் சொல்லுங்க. கோட் ஒவ்வொண்ணும் மெல்லிசா இருக்கணும், நக நுனியையும் சேர்த்து மூடணும்.

செவ்வந்தி:
அக்கா சொன்னதெல்லாம் கரெக்ட், ஆனா வீட்டு வேலைக்கும் பங்கு இருக்கு சிஸ். பாத்திரம் கழுவும்போது ரப்பர் கிளவுஸ் போடுங்க, கம்பி நார் நுனியை அரிச்சிடும். நகத்தால டப்பா மூடி நெம்புறது, ஸ்டிக்கர் சுரண்டுறது எல்லாம் விட்டுடுங்க. நீளம் ஜாஸ்தியாச்சுன்னு நடுவுல நீங்களே வெட்டாதீங்க, மூடி வச்ச நுனி திறந்துக்கும். ராத்திரி படுக்கும்போது நகத்தை சுத்தி ஜொஜோபா எண்ணெய் தடவுங்க, போடுறதுக்கு முன்னாடிதான் எண்ணெய் எதிரி, போட்டப்புறம் நல்லது.

திருச்சிப்பொண்ணு:
தேங்க்ஸ் அக்கா, தேங்க்ஸ் செவ்வந்தி. இப்ப ஒரு விரல்ல பாதி கிளம்பி நிக்குது, மீதியை பிச்சு எடுத்துடலாமா? அடுத்த தடவை வீட்லயே கிட் வாங்கி போடலாமான்னும் யோசிக்கிறேன்.

நெயில் அக்கா:
ஐயோ பிச்சுடாதீங்க மா, நகத்தோட மேல் அடுக்கும் உரிஞ்சு வந்துடும், அப்புறம் மெல்லிசான நகத்துல எது போட்டாலும் நிக்காது. அப்படியே விட்டாலும் இடுக்குல தண்ணி தேங்கி பாக்டீரியா வளந்து நகம் பச்சையாகும். மேல் பளபளப்பை ஃபைல் பண்ணிட்டு அசிட்டோன்ல நனைச்ச பஞ்சு வச்சு ஃபாயில் சுத்துங்க, 10-15 நிமிஷத்துல தானா இளகும், குச்சியால மெதுவா தள்ளுங்க.

வீட்டு கிட் பத்தி ஒரே ஒரு பயம்தான் எனக்கு. காயாத ஜெல் தோல்ல பட்டுட்டே இருந்தா அலர்ஜி வரும், அதுல இருக்கற ஹெமாங்கற கெமிக்கல்தான் பெரும்பாலும் காரணம். ஐரோப்பால ஹெமா இருக்கற ஜெல்லை தொழில்முறைல போடுறவங்க மட்டும்தான் யூஸ் பண்ணலாம்னு சட்டமே இருக்கு, 2025 செப்டம்பர்ல டிபிஓன்னு இன்னொரு கெமிக்கலையும் தடை பண்ணிட்டாங்க. நகத்தை சுத்தி அரிப்பு, கொப்புளம் வந்தா நிறுத்திட்டு ஸ்கின் டாக்டரை பாருங்க. அந்த அலர்ஜி ஒருதடவை வந்தா போகாது, பின்னாடி பல் அடைக்கற மெட்டீரியல் கூட ஒத்துக்காம போகலாம்.

செவ்வந்தி:
கல்யாணத்துக்கு நலங்கு முடிஞ்சப்புறம் போடுங்க சிஸ், வெளிர் கலர்ல மஞ்சள் பட்டா கறை லேசுல போகாது. முன்னாடியே போட்டாகணும்னா மெரூன் மாதிரி அடர் கலரா எடுங்க.