மூன்றரைக் கட்டை எங்கே இருக்கு?

தென்பெண்ணை:
துகில் உரிதல் கூத்தில் திரௌபதி வேஷம் கட்டிய அம்மாவைப் பற்றி இங்கே நேற்று ஒரு விமர்சனம் வந்தது. "ஐந்து கட்டையில் ஆரம்பித்தவர் சபதத்துக்கு வந்ததும் மூன்றரைக் கட்டைக்கு இறங்கிவிட்டார், கே.பி. சுந்தராம்பாளைக் கேட்ட காதுக்கு இது தாங்காது" என்று. பாடுகிற சுருதியை ஆர்மோனியக் கட்டையின் எண்ணால்தான் சொல்றோம். அந்தப் பெட்டியில் மூன்றரைக் கட்டை எங்கே இருக்கு? எழுதினவர் விரல் வைத்துக் காட்டட்டும்.

அதியன்நாடு:
எழுதியது நான்தான். குரல் இறங்கியது உண்மை. கட்டைக் கணக்கைப் பிடித்துத் தொங்காதீங்க.

தென்பெண்ணை:
கணக்கை எழுதியது நீங்க. வெள்ளைக் கட்டை ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை, அது ஒன்றரை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இரண்டரை. மூன்றுக்கு அடுத்து நேரே நாலு, நடுவில் கறுப்பு கிடையாது. பிறகு நாலரை, ஐந்தரை, ஆறரை. ஏழுக்கு அடுத்து மறுபடி ஒன்று, அங்கேயும் கறுப்பு இல்லை. பெட்டியைத் தொட்ட முதல் நாளே தெரியுற விஷயம் இது.

பாரதக்கொட்டகை:
அண்ணா, அந்தம்மா நடிப்பைப் பற்றி யாராவது பேசுங்க. துச்சாதனன் இழுக்கும்போது ஒரு கை மார்பில், ஒரு கை முடியில். கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரிந்த பிறகுதான் இரண்டு கையும் தலைக்கு மேலே போச்சு. கற்பூரம் காட்டுற வரைக்கும் அந்தக் கை இறங்கவே இல்லை. பெண் வேஷத்தையும் ஆம்பளைங்களே கட்டி வந்த கூத்தில் ஒரு பெண் இவ்வளவு செய்திருக்கு.

அதியன்நாடு:
நடிப்பைக் குறை சொல்லலை. சுருதி சேரவில்லை என்றுதான் சொன்னேன். மின்சாரச் சுருதிப் பெட்டியில் திருகினால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவிலும் நிற்கும். குரலும் அப்படி நிற்கும்.

தென்பெண்ணை:
அன்றைக்கு இருந்தது மின்சாரப் பெட்டியா? கால் பெடல் ஆர்மோனியம். சரி, நடுக்கூத்தில் சுருதி இறங்கியது என்றால் மிருதங்கக்காரர் என்ன செய்யணும்? வலந்தலையை, அதாவது வலது பக்கத்துத் தோலை, கல்லும் குச்சியும் வைத்து, ஓரத்துத் தோல் பின்னலில் கீழிருந்து மேலே தட்டி இறக்கணும். சுற்றிலும் பின்னலின் எல்லாக் கண்ணிலும் தட்டி நாதம் சமமாக வரணும். சபத விருத்தம் முடியும் வரை யார் கையிலும் கல் இல்லை. முகவீணை என்கிற ஊதுகுழலின் கதை இன்னும் மோசம். அதன் சுருதி குழல் நீளத்தோடு கட்டியது. பெட்டியில் விரலை மாற்றி வைக்கிற மாதிரி கட்டை மாற்ற முடியாது. முகவீணை கூடவே வாசித்துக்கொண்டு வந்ததே, அது எந்தக் கட்டையில் வாசித்ததாம்? அதுவும் மூன்றரையிலா?

அதியன்நாடு:
வாத்தியம் இறங்கலை, குரல் இறங்கியது. அதனால்தான் சேரலை. நீங்க சொல்றது என் பக்கம்தான் நிற்குது.

தென்பெண்ணை:
இறங்கியது சுருதி இல்லை, சத்தம். சபதத்துக்கு அந்தம்மா முழங்கால் போட்டு உட்கார்ந்தார். மைக் தொங்கியது நின்று பாடுற உயரத்தில். வாய்க்கும் மைக்குக்கும் மூன்றடிக்கு மேல் போச்சு, பின்பாட்டுக்காரர் குரல் மட்டும் ஏறிக் கேட்டது. கூட்டிவைத்தால் ஊளையிடும் என்று ஒலிபெருக்கிக்காரர் திருகவே இல்லை. முகாரி ராகத்தில் மத்திம ஸ்தாயியில் நின்று பாடுவதைக் கட்டை இறங்கினதாக எழுதுறீங்க. ஸ்தாயி என்பது குரல் நிற்கிற மேல், நடு, கீழ் அடுக்கு. கட்டை என்பது ஆதார சுருதி. ஸ்தாயி வேற, கட்டை வேற.

கெலமங்கலம்வாசி:
தருமபுரிக்காரங்க விமர்சனமே இப்படித்தான். எங்க கிருஷ்ணகிரிப் பக்கம் பாரதக் கூத்தைப் பதினெட்டு நாளும் உட்கார்ந்து கேட்டுட்டுத்தான் வாய் திறப்போம்.

அதியன்நாடு:
2004-ல் பிரிந்து போன மாவட்டம் எங்களுக்குப் பாரதம் சொல்லித் தர வேண்டாம்.

கெலமங்கலம்வாசி:
நீங்க 1965 வரைக்கும் சேலம்தானே?

பாரதக்கொட்டகை:
ஏங்க, படுகளத்து அன்றைக்கு மண்ணில் துரியோதனன் படுத்துக் கிடக்கும்போது நம்ம இரண்டு மாவட்டத்துக்கும் திரௌபதி ஒன்றுதானே முடி முடிக்கிறாள். விடுங்க.

அதியன்நாடு:
சுந்தராம்பாள் பேச்சுக்கு யாரும் பதில் சொல்லலை. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை கேட்ட குரல் அது.

தென்பெண்ணை:
அவங்க பாடியது ஸ்பெஷல் நாடகம் என்கிற மேடை நாடகம். கணவர் கிட்டப்பாவோடு வள்ளி வேஷம். ஒரு பக்கம் திறந்த கொட்டகையில், சபையைப் பார்த்து நின்று பாட்டு. கூத்துக்காரர் விடிய விடிய மூன்று பக்கக் கூட்டத்துக்கு நடுவில் கிறுக்கி என்கிற சுழல் அடவில் சுற்றிக்கொண்டே பாடணும். 1933-ல் கிட்டப்பா போன பிறகு சுந்தராம்பாள் ஆண் நடிகரோடு ஜோடி சேரவில்லை, நந்தனாராக ஆண் வேஷமே கட்டினார். அந்த மன உறுதிக்குக் கையெடுத்துக் கும்பிடுறேன். அவங்க பெயரைத் தடியாக எடுத்து நம்ம ஊர்ப் பெண்ணை அடிக்காதீங்க.

அதியன்நாடு:
யாரும் அடிக்கலை. போன மாசிக்கும் இதே மாதிரி என் பதிவில் வந்து "தரு வேற விருத்தம் வேற" என்று பாடம் நடத்தினீங்க. அந்தக் கோபம்தான் இது.

தென்பெண்ணை:
அன்றைக்கும் தப்பு உங்களுதுதான். தரு கூத்துப் பாட்டு, அதற்குத் தாளம் உண்டு, விருத்தத்துக்கு இல்லை.

பாரதக்கொட்டகை:
அந்தம்மா அடுத்து பதினெட்டாம் போரிலும் திரௌபதியாம். மைக்கை அரை ஆள் உயரத்துக்கு இன்னொன்று கட்டச் சொல்லி விழாக்குழுவில் யாராவது சொல்லுங்க.

அதியன்நாடு:
கட்டட்டும். அன்றைக்கும் மூன்றரைக்கு இறங்கினால் எழுதத்தான் செய்வேன்.

தென்பெண்ணை:
மூன்று, அடுத்தது நாலு. நடுவில் ஒன்றும் இல்லை.