யானையும் பன்னியும் பெருகிடுச்சி, பாதியா கொறைக்கணுமா வேணாமா?

அஞ்செட்டி ராகிக்காரன்:
நேத்து நைட்டு பரண்லயே கெடந்தும் அரை ஏக்கரா ராகி போச்சி. நேத்து பன்னி, போன வாரம் யானை. காட்டுல எல்லாமே எக்கச்சக்கமா பெருகிடுச்சி, ரெண்டையும் பாதியா கொறைக்கணும். பாவம் பாக்கறவங்க ஒரு நாள் இங்க வந்து விடிய விடிய தகர டப்பா தட்டுங்க.

மொரப்பூர் வாத்தியார்:
அண்ணா கஷ்டம் புரியுது, ஆனா ரெண்டையும் ஒரே தராசுல வெக்காதீங்க. யானை 22 மாசம் வரைக்கும் சொமந்து ஒரே ஒரு குட்டி ஈனும், அடுத்ததுக்கு நாலஞ்சு வருஷம் ஆவும். பன்னிக்கு நாலு மாசம்கூட வேணாம், ஒரு ஈத்துக்கு நாலஞ்சு குட்டி. வேகமா நெறைய ஈனறது ஆர்-வகை, மெதுவா கொஞ்சமா ஈனறது கே-வகைன்னு பாடத்துல வருமே, அதான் இது. 2023 மார்ச்சுல மாரண்டஅள்ளி பக்கம் திருட்டு கரண்ட் வேலில மூணு யானை செத்து ரெண்டு குட்டி அனாதையா நின்னுச்சே, அந்த மூணு ஈடாக எத்தன வருஷம் ஆவும்னு யோசிங்க.

பாலக்கோடு தக்காளி:
மெதுவா ஈன்னா பெருகாதா சார்? ஒரு ஜோடி யானைல இருந்து 750 வருஷத்துல கிட்டத்தட்ட 1 கோடியே 90 லட்சம் ஆவும்னு டார்வினே கணக்கு போட்டிருக்கார். நம்ம ஸ்டேட் கணக்கெடுப்புலயே 2023ல 2961, அடுத்த வருஷம் 3063.

மொரப்பூர் வாத்தியார்:
டார்வின் அந்த கணக்க போட்டதே அப்படி நடக்கறதில்லன்னு காட்டத்தான் தம்பி, தீனி, தண்ணி, நோவு எல்லாம் புடிச்சி நிறுத்துது. அப்பறம் கர்நாடகா பன்னேர்கட்டா காட்டு பக்கத்துல இருந்து ராகி முத்தற நேரத்துக்கு எறங்கற யானை கூட்டத்த பாத்துட்டு பெருகிடுச்சிங்கறது, ஆடி 18க்கு ஒகேனக்கல் கூட்டத்த பாத்து பென்னாகரத்துல ஜனத்தொகை ஏறிடுச்சிங்கற மாதிரி.

அஞ்செட்டி ராகிக்காரன்:
😂 சரி யானைய விடு. பன்னிக்கு என்ன சொல்ற? 2025ல சுடலாம்னு உத்தரவு போட்டாங்க, அதுவும் காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தள்ளிதானாம், ஃபாரஸ்ட்காரங்கதான் சுடணுமாம். என் கொல்லை காட்டு ஓரம், எனக்கென்ன பிரயோஜனம்?

ஓசூர் எம்எஸ்சி:
நடுவுல வரேன். வாத்தியார் சார், அந்த ஆர்-கே பிரிவு 1960கள்ல மெக்ஆர்தர், வில்சன்னு ரெண்டு விஞ்ஞானிங்க சொன்னது, இப்ப யாரும் அத அப்படியே எடுத்துக்கறதில்ல. பன்னியவே பாருங்க, ஒடம்பு ஆடு மாடு மாதிரி பெருசு, ஈனறது மட்டும் எலி கணக்கா, எந்த டப்பாலயும் அடங்காது. ராகி அண்ணா, பாதியா கொறைக்கறதுதான் இருக்கறதுலயே மோசமான ஐடியா. ஒரு காடு 100 பன்னிய தாங்கும்னு வெச்சிக்கோங்க, 100 இருக்கறப்ப தீனி பத்தாம ஏறாது, 50 ஆனா மிச்சத்துக்கு வயிறு நெறைய கெடைக்கும், காடு தாங்கற அளவ வெச்சி போடற லாஜிஸ்டிக் கணக்குப்படி அந்தப் பாதிலதான் வேகமா ஏறும். ஐரோப்பாவுல வேட்டை ஜாஸ்தியான எடத்துல ஒரு வயசுகூட ஆவாத பெட்டையே ஈனுது. கடா பன்னியா பாத்து சுட்டா சுத்தமா வேஸ்ட், பெட்டை கொறையணும், அதுவும் வருஷா வருஷம்.

அஞ்செட்டி ராகிக்காரன்:
அப்ப சுடணும்ங்கற. அதத்தானய்யா நான் மொதல்லயே சொன்னேன்.

மொரப்பூர் வாத்தியார்:
பன்னிய மட்டும்ணா. யானைய இதுல இழுக்காதீங்க.

அஞ்செட்டி ராகிக்காரன்:
பாக்கலாம், இன்னிக்கு எது வருதுன்னு. பரணுக்கு டைம் ஆச்சி, சார்ஜும் இல்ல.