கூரைக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் வீட்டுக் கூரையின் அடிப்பக்கம் ஓரிடத்தில் உப்பியிருந்தது. போன வாரம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்துவிட்டது. உள்ளே கம்பி செதில் செதிலாகத் துருப்பிடித்திருக்கிறது. அதற்குக் கீழே 10 மி.மீ. கான்கிரீட்கூட இல்லை. கவர் பிளாக் (கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி வைக்கும் சிறு கட்டை) வைக்காமலே போட்டிருக்கிறார்கள் போல. சுற்றிலும் சுத்தியலால் தட்டினால், இரண்டடி தூரத்துக்கு உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வருகிறது.

பெயர்ந்த இடத்தின் மேல் சிமென்ட் பூசினால் போதும் என்கிறார் கொத்தனார். எனக்கு மனம் ஒப்பவில்லை. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்குமே, பூச்சை மறுபடி தள்ளிவிடாதா? கம்பியின் பின்புறம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, பிரைமர் (துருத் தடுப்புப் பூச்சு) அடித்து, பாலிமர் மார்ட்டர் (பாலிமர் கலந்த சிமென்ட் கலவை) வைக்கலாம் என்றிருக்கிறேன். 8 மி.மீ. கம்பி எவ்வளவு மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும்? அப்புறம், மேலே நீர்க்கசிவை முதலில் அடைக்க வேண்டுமா? பாப்பா தூங்கும் அறை அது. இப்போது பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டோம். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.